அறுபத்து நான்கு கிலோ

வாடை இறங்கிவிட்டது. கீழ்க்கடலின்மேல் சாம்பல் படர்ந்து, காலைக்கும் மாலைக்கும் நடுவிலிருந்த எல்லை அழிந்து, நாள் முழுவதும் ஒரே நெடிய அந்தியாய் நின்றது. மழை பெய்யவும் இல்லை, ஓயவும் இல்லை. ஈரம் மட்டும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தென்னைகள் கூந்தல் அவிழ்ந்த பெண்டிர்போல் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. சென்ற ஆண்டுப் புயலில் தலையிழந்தவை மட்டும் சாய்வதற்கு ஓலையின்றி, யாரோ ஊன்றி மறந்த கழிகளாய் விறைத்து நின்றன. திருவருகைக் காலம். வாசல்தோறும் மூங்கிலாலும் தாளாலும் செய்த விண்மீன் விளக்குகள் ஆடின. உலகமெல்லாம் பாலனின் வரவை எதிர்நோக்கும் அந்த நாள்களில், எங்கள் சாமார் தீவின் கரையில் மக்கள் எதிர்நோக்கியது கடலை. விளக்கேற்றியவன் திரும்பி முதலில் அலையைப் பார்த்தான், பிறகே கைகூப்பினான்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, விடியற்காலைப் பூசைகள் ஒன்பதும் தொடங்குவதற்கு முந்தின நாள், என் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பிப் பார்க்க உட்கார்ந்தேன்.

நான் தையற்காரன். கிறிஸ்புலோ என்பது ஞானஸ்நானப் பெயர், ஊருக்குப் புலோ. வயது நாற்பத்தாறு. ஞாயிறுதோறும் கோவிலில் பாட்டுக்கு முதற்குரல் கொடுப்பவன். இருபத்தைந்து ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து தொடை மெலிந்து முதுகு வளைந்தவன். அப்படிப்பட்டவன் ஓராண்டாக எடை தூக்கியதற்குக் காரணம் ஒன்றே. அடுத்த புயல் வரும்போது என் தந்தையைச் சுமந்துகொண்டு எண்பத்து நான்கு படிகள் ஏற வேண்டும்.

எங்கள் ஊரில் குன்றின்மேல் உள்ள கோவில் ஒன்றே மேடு. சென்ற ஆண்டு அமலோற்பவ மாதா திருநாளுக்கு முந்தின நாள் கடல் ஊருக்குள் வந்தது. தந்தை கௌதென்சியோவுக்குச் சர்க்கரை நோயால் வலக்கால் முழங்காலோடு போய்விட்டது. தாய் தியோடோரா பக்கவாதத்தில் கிடந்தாள். பக்கத்து வீட்டு இளைஞர் இருவர் ஒரு நாற்காலியோடு ஓடிவந்து தந்தையைத் தூக்கிப்போனார்கள். தாயை நான் முதுகில் ஏற்றினேன். முப்பத்தேழாம் படியில் என் கால்கள் மடிந்தன. விழுந்தவளை மறுபடி தூக்க என்னால் முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து ஒவ்வொரு படியாக இழுத்தேன். நாற்பதாம் படியில் நீர் எங்களை எட்டியது. மேலிருந்து யாரோ என் சட்டையைப் பற்றி இழுத்தார்கள். நான் தைத்த சட்டை, தையல் விடவில்லை. என் கைதான் விட்டது.

அந்த இளைஞர்கள் இப்போது மணிலாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். மலைக்கு அப்பால் எங்களுக்கென்று அரசு தொடங்கிய வீடுகள் தூண்களோடு நிற்கின்றன. என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மகள் அவள் சித்தியோடு நகரத்தில் படிக்கிறாள். வீட்டில் தந்தையும் நானுமே.

ஜனவரியில், மூன்று ராசாக்கள் திருநாளன்று தொடங்கினேன். இடம் கொடுத்தவன் கிளெமெந்தே, மீன் வியாபாரி. என் மகளுக்கு ஞானத்தந்தை. ஆகவே நாங்கள் ஒருவரையொருவர் ‘கும்பாரே’ என்றே அழைத்துக்கொள்வோம். அவன் வீட்டின் பின்புறம், பழைய ஜீப்பின் அச்சுத்தண்டைக் கம்பியாக்கினோம். வாளியிலும் சட்டியிலும் சிமெண்டுக் கலவை ஊற்றி நடுவில் துளைவிட்டு வட்டுகள் வார்த்தோம். காய்ந்ததும் அவனுடைய மீன் தராசில் நிறுத்து, ஐந்து, பத்து, இருபது என்று நீல வண்ணத்தில் எழுதினோம். படியேறப் பழகுவதற்கு மணல் மூட்டை. அதையும் அதே தராசில்தான் நிறுத்தோம். அந்த மாதம் சுகாதார நிலையத்தில் தந்தையின் எடை அறுபத்து நான்கு கிலோ இருந்தது. அதுவே என் இலக்கு.

கோவில் நாட்காட்டியின் கிழித்த தாள்களைச் சேர்த்துத் தைத்து, வெற்றுப் பக்கத்தில் நாள்தோறும் எழுதிவந்தேன். அன்று அதைத்தான் விரித்தேன். ஜனவரியில் இருபது கிலோவைத் தோளில் வைத்து ஐந்து பஸ்கி. ஆறாவதில் உட்கார்ந்தவன் எழவில்லை, கிளெமெந்தே வந்து கம்பியை எடுத்தான். பிப்ரவரியில் நாற்பது. மார்ச் முழுவதும் முதுகுவலி. கவலையோடு எழுதிய ஒரே வரி, ‘அப்பா தவக்கால ஒருசந்தி நோன்பு இருக்கிறார், நானும் இருந்தால் பலம் போகும், மன்னியும் ஆண்டவரே.’ மே மாதம் முப்பது கிலோ மூட்டையோடு எண்பத்து நான்கு படிகள், ஐந்து இடங்களில் நின்று. ஜூலையில் முப்பத்தேழாம் படியில் காரணமின்றிக் கால் நடுங்கி இறங்கிவந்த நாள்கள் ஒன்பது. செப்டம்பரில் ஐம்பது கிலோ. நவம்பர் இறுதியில் அறுபத்தைந்து கிலோ மூட்டையோடு எங்கும் நிற்காமல் ஏறினேன். அந்தப் பக்கத்தில் ‘நிறைவேறியது’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் சிலுவையில் சொல்லப்பட்ட சொல் என்பது எழுதிய பிறகே உறைத்தது. அடித்துவிட்டு ‘முடிந்தது’ என்று எழுதினேன்.

மூங்கில் கட்டிலில் இரண்டு சட்டைகளும் ஒரு போர்வையுமாக உட்கார்ந்திருந்த தந்தை கேட்டார்.

“எவ்வளவு எழுதிருக்க?”

“அறுபத்தஞ்சு.”

“நான் அறுபத்து நாலு. ஒரு கிலோ மிச்சம். வழியில சுருட்டு வாங்கி மடியில வச்சுக்கலாம்.”

“ஒரே ஒரு தடவ உங்கள முதுகுல வச்சு ஏறிப் பாத்துடறேனேப்பா.”

“உப்புமூட்டை வெளையாட நான் என்ன சின்னப் புள்ளையா? நாள் வரட்டும். ஊர் சிரிக்க ஒத்திகை வேண்டாம்.”

இதையே அவர் ஆண்டு முழுவதும் சொல்லிவந்தார். பெருநாளுக்குப் புதுச்சட்டை தைக்க அளவெடுக்க வந்தபோதும் நாடாவைத் தள்ளிவிட்டார். “பழசு நல்லாத்தான் இருக்கு. போய் ஊராருக்குத் தை.”

மறுநாள் விடியற்காலைப் பூசை முடிந்து சந்தைக்குப் போனேன். சந்தை வாயிலில் கூட்டம். நகராட்சி ஆட்கள் பொதுத் தராசை நிறுத்தி, கடை கடையாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கிளெமெந்தே தலைகுனிந்து நின்றான். அவன் தராசின் முள்ளைத் திருகி வைத்திருந்தான் என்று பிடித்துவிட்டார்கள். கோவில் வாசலில் அரிசிப் பணியாரம் விற்கும் பெலாகியா அக்காள், எங்கள் அடுத்த வீட்டுக்காரி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“கடல்ல இருக்கும்போது ஒரு எடை, கிளெமெந்தே தராசுல ஏறினா ஒரு எடை. செத்தப்புறம் வளர்ற மீனை இவன்கிட்டதான் பாத்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வாயிலேயே நின்றது.

கிளெமெந்தே வீட்டின் பின்புறம் சென்று ‘20’ என்று எழுதிய வட்டு ஒன்றைத் தோளில் தூக்கிவந்து பொதுத் தராசில் வைத்தேன். முள் பதினேழரையில் நின்றது. மறுபடி எடுத்து வைத்தேன். பதினேழரை. தராசைக் காவல் காத்த ஆள் கேட்டான். “என்ன அண்ணே, சிமெண்டு விக்கிறீங்களா?”

கிலோவுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் குறைவு. மணல் மூட்டையின் அறுபத்தைந்து, ஐம்பத்தேழுதான். ஓராண்டு முழுவதும் இல்லாத எட்டுக் கிலோவை நான் சுமந்திருந்தேன். அறுபத்து நான்கு கிலோவை ஒருநாளும் தூக்கியதில்லை. சந்தையின் வானொலி அப்போதுதான் சொல்லிற்று: புதுப் புயல் ஒன்று கிழக்கே உருவாகி எங்கள் தீவை நோக்கி வருகிறது, பதினெட்டாம் தேதி மாலை கரை தொடும்.

கிளெமெந்தே படகடியில் உட்கார்ந்திருந்தான். நான் எதிரில் நின்றேன்.

“கும்பாரே, எனக்கு மட்டுமாவது சொல்லிருக்கலாமே.”

“கலவை ஊத்துன அன்னிக்கு ஞாபகமே வரல. பழகிப்போன பொய் கும்பாரே, அது பொய்ன்னே தோணாது.”

“அப்புறம் எப்பதான் வந்துச்சு?”

அவன் மணலைக் கிளறினான். “பிப்ரவரில. நாப்பது தூக்கிட்டேன்னு சிரிச்ச பாரு, அன்னிக்கு. அம்மா போனப்புறம் நீ மொத மொதல்ல சிரிச்சது அன்னிக்குத்தான். அந்தச் சிரிப்புலருந்து அஞ்சு கிலோவக் கழிக்க எனக்கு மனசு வரல.”

“அந்த அஞ்சு கிலோவுல எங்கப்பா சாவாரு.”

“நானும் கூட வரேன். ரெண்டு பேருமாத் தூக்குவோம்.”

“உன் இடுப்பால ஒரு கூடை மீனத் தூக்க முடியாது. நாற்காலில தூக்க ரெண்டு ஆள் வேணும், ரெண்டு பேருக்கும் ஒரே பலம் வேணும். நீ வராத.”

அவன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டான். இடுப்பு எலும்பு நகர்ந்து ஐந்தாண்டு ஆனவன். நான் சொன்னது உண்மை. சொன்ன விதம் கொடுமை.

அந்த இரண்டு நாள்களில் ஒருவனுடைய உடலில் ஏழு கிலோவுக்கான பலத்தைச் சேர்க்க எந்தப் பயிற்சியாலும் ஆகாது. ஆயினும் வெறிகொண்டவன்போல் வட்டுகளைக் கூட்டிக் கூட்டித் தோளில் ஏற்றினேன். பதினேழாம் தேதி அறுபத்து நான்கு கிலோவைச் சரியாக நிறுத்துக் கட்டி ஏறினேன். ஐம்பத்தோராம் படியில் முழங்கால் இறங்கிற்று. மூட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, ஓராண்டாக நான் நன்றி சொல்லிப் பாடிய பாட்டுகளையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். பொய்த் தராசில் நிறுத்த காணிக்கையாக அவை எனக்குத் தோன்றின. தந்தையிடம் எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி நண்பகலில் கோவிலின் அபாய மணி அடித்தது. படகுப் பாய்த்துணியில் நான் தைத்து வைத்திருந்த வாரை எடுத்தேன். தந்தையை முதுகோடு சேர்த்துத் தோளிலும் இடுப்பிலும் கட்டும்படி மூன்று மாதம் பார்த்துப் பார்த்துத் தைத்தது. கட்டிலின் முன் குந்தினேன். அவர் கைகள் என் கழுத்தைச் சுற்றின. கொக்கிகளை மாட்டினேன், அவருடைய பழைய அளவில் நான் குறித்திருந்த துளைகளில் வார் தளர்ந்தது. அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் மூன்று துளை இழுத்துக் கட்டினேன். அளவெடுத்துப் பிழைப்பவன் நான்.

மழை முகத்தில் மணலாய் அறைந்தது. படியின் அடியில் கிளெமெந்தே நின்றிருந்தான். நான் வராதே என்று சொன்னவன்.

“நீ நட. நான் பின்னால வரேன். விழுந்தா என் மேல விழு. மெத்தைக்கு நான் போதும்.”

ஏறத் தொடங்கினேன். பத்து. இருபது. முதுகின்மேல் தந்தை செபமாலையின் மங்கள வார்த்தைகளை முணுமுணுத்தார். அவர் மூச்சு என் காதில் சூடாகப் பட்டது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழாம் படியில் கால் வைத்தபோது கண்களை மூடிக்கொண்டேன். கால் மடியவில்லை. நாற்பது கடந்தது. ஐம்பத்தொன்று கடந்தது. என் தொடைகள் எரியவில்லை. பின்னால் வந்த கிளெமெந்தே மூச்சுவாங்கியபடி, “மெதுவா கும்பாரே, என்னால முடியல” என்றான். எண்பத்து நான்காம் படியை மிதித்தபோது என் நெஞ்சில் இன்னும் பாடுவதற்கு மூச்சு இருந்தது.

அற்புதம் என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் உண்மையாகவே நம்பினேன். குறைந்த ஏழு கிலோவை ஆண்டவர் தம் கையால் தாங்கிவிட்டார் என்று கண்ணீர் பெருகிற்று.

கோவிலுக்குள் ஊரே இருந்தது. பாய்களும் கூடைகளும் நாய்களும் குழந்தைகளும். தந்தையை வலப்புறத் தூணோரம் இறக்கினேன். வாசல் மண்டபத்தில் பெலாகியா அக்காளின் பன்றி கட்டிக்கிடந்தது. பெருநாளுக்கென்று வளர்த்தது, கழியில் கட்டி நால்வர் தூக்கிவந்தார்களாம். கோவில் அதிரும்படி உறுமிற்று. அக்காள் வாழையிலையில் நான்கு பணியாரத்தோடு வந்தாள்.

“புலோ, பன்னியப் பாத்தியா? பெருநாளைக்கு ஒரு தொடை உனக்குத்தான். இல்லேன்னா என் மனசாட்சி தூங்க விடாது.”

“எனக்கு எதுக்கு அக்கா?”

“உங்கப்பா சோத்துல வளந்ததுல்ல அது. தெனமும் மத்தியானம் கழுநீர்ச் சட்டி வாங்க வருவேன், தட்டு நெறயச் சோத்த அப்படியே கொட்டுவாரு. ராத்திரிச் சோத்தையும் காலைல எடுத்து வச்சிருப்பாரு. ‘புலோ நெறய ஆக்கிடறான், வீணாப் போகுது’ம்பாரு. ஈஸ்டர்லருந்து அப்படித்தான். நானும் நெனச்சேன், வலுத்தூக்கறவன் வீட்டுல சோத்துக்கு என்ன பஞ்சம்னு.”

அவள் பன்றியைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தந்தையின் பக்கம் திரும்பினேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரப் போர்வையை எடுத்தேன். மேற்சட்டையைக் கழற்றினேன், உள்சட்டையைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. விலா எலும்புகள் வெயிலில் உலர்ந்த படகின் கூடாகத் தெரிந்தன. தோள்பட்டையின் குழியில் என் கைமுட்டி அடங்கிற்று. நாற்பத்தைந்து கிலோவுக்குமேல் இராது. அதைச் சொல்ல எனக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை நோயாளி மருந்தை விழுங்கிவிட்டுச் சோற்றைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். சில மாதமாக அவர் பகலில் தூங்கித் தூங்கி விழுந்தது, கை நடுங்கியது, பேச்சு நடுவில் என் பெயரை மறந்தது, எல்லாவற்றையும் முதுமை என்று ஒதுக்கியிருந்தேன். ஒருசந்தி தவக்காலத்தோடு முடியவில்லை. என் ஏட்டில் நான் கூட்டிக்கொண்டு போன ஒவ்வொரு மாதமும் அவர் தம் உடலில் கழித்துக்கொண்டு வந்திருந்தார்.

“ஏம்பா?”

“நீ ஏத்திக்கிட்டே வந்த. நான் எறக்கிக்கிட்டே வந்தேன். எங்கயாவது ஒரு எடத்துல சந்திக்கணுமில்ல.”

“நான் உங்கள விட்டுருவேன்னு நெனச்சீங்களா? அம்மாவ விட்ட மாதிரி?”

அவர் என்னை நோக்கினார். கண்களில் நீர் இல்லை. ஓராண்டாக உலர்ந்துபோன கண்கள்.

“அவள விட்டது உன் கை இல்லடா. அன்னிக்கு அந்தப் பசங்க நாற்காலியோட உள்ள வந்தாங்க. ‘யாரத் தூக்கணும்?’னு கேட்டாங்க. நீ வெளிய கயிறு தேடிக்கிட்டிருந்த. உங்கம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தா. வாய் வராது அவளுக்கு, கண்ணு வரும். ‘அவளத் தூக்குங்க’ன்னு நான் சொல்லிருக்கணும். நான் சொல்லல. தண்ணி சத்தம் கேட்டுச்சு. நானே நகந்து நாற்காலில ஏறி உக்காந்துட்டேன்.”

வெளியே காற்று ஊளையிட்டது. கோவிலின் தகரக்கூரை ஒருபுறம் எழுந்து எழுந்து விழுந்தது. குழந்தைகள் அழுதன.

“ரெண்டு ஆள் தூக்கிருந்தா அவ வந்திருப்பா. ஒத்தக் கால்ல நான் தவழ்ந்தாவது பத்துப் படி ஏறிருப்பேன். அந்த எடைய என்னால ஒரே நாள்ல எறக்க முடியல புலோ. தெனம் ஒரு தட்டா எறக்கினேன்.”

அவர்மேல் சினம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்று நாற்காலி யாருக்குப் போனது என்பதை நான் ஓராண்டாக ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. என் தோல்வியையே நிறுத்து நிறுத்துப் பார்த்திருந்தேன். அது பெரிதாக இருந்ததால் அதன் நிழலில் அவர் ஒளிந்து தம்மைத் தின்றுகொண்டிருந்தார். சினம் வந்த வழியே போய்விட்டது. அதற்கு உட்காரக்கூட அவருடைய உடலில் இடமில்லை.

மாலையில் கடல் ஏறிற்று. கிளெமெந்தே வாசலில் நின்று பார்த்துவந்து சொன்னான். “இருபத்தெட்டாம் படி வரைக்கும் வந்து நிக்குது. என் பின்கட்டு போச்சு. வட்டெல்லாம் கடலுக்குள்ள.” முகத்து நீரை வழித்துவிட்டு, “கெடக்கட்டும். அங்கயாவது சரியான எடை காட்டட்டும்” என்றான். என் வீடும் போயிருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. தன் சட்டையைக் கழற்றித் தந்தைக்குப் போர்த்திவிட்டுச் சற்றுத் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தான். நான் போய் அவன் கையைப் பிடித்து எங்கள் பாயில் உட்காரவைத்தேன்.

பணியாரத்தைப் பிட்டுத் தந்தையின் வாயருகே நீட்டினேன். அவர் உதட்டை இறுக்கினார்.

“நாளைக்கு எறங்கணுமே. நீதான தூக்கணும்?”

“நான்தான் தூக்குவேன்.”

“தின்னா கனத்துருவேன்.”

“கனத்துக்கங்கப்பா.”

என் கையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். முதல் துண்டை விழுங்க முடியாமல் இருமினார். கிளெமெந்தே தண்ணீர் கொடுத்தான். இரண்டாம் துண்டை மென்றார். அவ்வளவுதான் இறங்கிற்று. அவருடைய கை குளிர்ந்திருந்தது; நாடி, தையல் அறுந்த நூலாக விட்டு விட்டு ஓடிற்று. விடியும்வரை தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது.

மின்சாரம் போய்விட்டது. மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்க அன்று ஆளில்லை. மாதா பீடத்தில் எரிந்து முடிந்த திரிகளுக்கு நடுவே விரலளவு மெழுகு ஒன்று கிடைத்தது. அதை என் தாயின் பெயரால் ஏற்றித் தூணடியில் ஊன்றினேன். காற்று தொடாதபடி இரு கைகளால் குவித்துக்கொண்டு மங்கள வார்த்தை மூன்றையும் தாழ்ந்த குரலில் சொன்னேன். தந்தையின் உதடுகளும் அசைந்தன. பிறகு முழங்காலிட்டு, அவருடைய எலும்பான வலக்கையை இரு கைகளிலும் எடுத்து, ஆசி கேட்டு என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். இறகு விழுந்ததுபோல் இருந்தது.

“ஆண்டவர் உன்னத் தாங்கட்டும், மகனே.”